தொலைச்சவங்க மட்டும் பேசணும்

அந்தப் பையைக் கொஞ்சம் உங்க பக்கமா நகத்தி வச்சிக்கிட்டா நான் காலை நீட்டிக்கிடுவேன். முட்டு வலி. இல்ல, சன்னலோரம் நீங்களே இருங்க. எங்க போனாலும் ஓரமா இருந்து பழகுனவ நான்.

உவரிக்கா போறிய? செவ்வாக்கிழமை இந்த பஸ்ல பாதிப் பேர் அந்தோணியார் கோயிலுக்குத்தான். பிள்ளைக்கு மொட்டையா? நல்லா இருக்கட்டும். நான் அம்புட்டுத் தூரம் வரலை. அதுக்கு முன்னால கோயில்விளை விலக்குல இறங்கிருவேன். அங்கதான் என் மருமவளோட அப்பா வீடு. பதினோரு மணிக்கு அந்த ஊர்ப் பங்குச்சாமியார் என்னை வரச் சொல்லியிருக்காவ. என் மகனைக் கூப்பிடலை. என்னை மட்டும். அவ அப்பிடிக் கேட்டாளாம். நான் போய் சாமியார் முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அதைச் சொன்னா அவ என்கூடவே கெளம்பி வந்துருவா. சொல்லலைன்னா என் மகன் வீட்டுல விளக்கேத்த ஆள் கெடையாது. பாத்துக்கிடுங்க, அம்பத்தெட்டு வயசுல எனக்கு வந்த பரீட்சையை.

யாரையும் குறை சொல்ல எனக்கு வராது. என் வீட்டுத் தெருவுல வந்து விக்டோரியாம்மா எப்பிடின்னு கேட்டா, எவளும் வாயைத் திறந்து ஒரு குத்தம் சொல்ல மாட்டா. காலையில நாலரைக்கு எந்திரிச்சா ஜெபமாலை, சாயந்திரம் ஒரு ஜெபமாலை. என் வயித்துல பெறந்தது ரெண்டு. மூத்தவ திருப்பூர்ல கட்டிக்குடுத்தது, அவ உண்டு அவ சோலி உண்டு. எளையவன் ஜெபஸ்டின். நாகர்கோயில்ல டைல்ஸ் கடையில மேனேஜர். கோவக்காரன்தான், இல்லைன்னு சொல்லலை. ஆம்பளைப் பிள்ளைக்குக் கோவம் இருக்கத்தான் செய்யும். அவன் அப்பாவும் அப்பிடித்தான். தட்டுல உப்பு கூடிட்டுன்னா தட்டு வாசல் முத்தத்துக்குப் போயிரும். நான் போய்ப் பொறுக்கி எடுத்து, கழுவிக் கவுத்தி வச்சிட்டு, வேற சோறு போடுவேன். அவ்வளவுதான் குடும்பம். இதுக்கெல்லாம் சாமியார்ட்ட போறதுன்னா சாமியாருக்குப் பூசை வைக்க நேரம் இருக்குமா, சொல்லுங்க.

மருமவ பேரு பெனிட்டா. நர்சுக்குப் படிச்சவ. போன வருசம் மே மாசம் கல்யாணம். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம். ஒண்ணு கேட்டா நேரா முகத்தைப் பாத்துப் பதில் சொல்லுவா. கேக்கிற நமக்குத்தான் கூச்சமா இருக்கும்.

நான் சொல்ல வந்தது மோதிரத்தைப் பத்தி. அது எங்க வீட்டு மோதிரம். எங்க வீட்டுக்காரர் எனக்குக் கோயில்ல வச்சிப் போட்டது, உள்பக்கம் சிலுவை வெட்டினது. அவிய இறந்த பொறவு நான் கழட்டி மாதா சுரூபத்துக்குக் கீழ வச்சிருந்தேன். ஜெபஸ்டினுக்குக் கல்யாணம்னதும், அதை அழிக்க மனசில்லாம, பெனிட்டா விரலுக்குத் தக்கன அளவை மட்டும் குறைச்சுக் குடுத்தேன். ஆசாரி கொஞ்சம் கூடவே குறைச்சிட்டான். கோயில்ல போடும்போதே மூட்டுல சிக்கிட்டு, என் மகன் திருகித் திருகித்தான் உள்ள ஏத்தினான். அவ முகம் சுருங்கிச்சு. நான்கூடச் சொன்னேன், இறுக்கமா இருக்கது நல்லதுதான் பிள்ள, லேசுல கழலாதுன்னு.

அந்த மோதிரந்தான் ஆத்துல போச்சு. கரிநாளன்னைக்கு.

உங்க பக்கம் கரிநாள் உண்டா? பொங்கலுக்கு மறுநாள். ஊரே சட்டி சோத்தைக் கட்டிக்கிட்டு ஆத்தங்கரை, அருவின்னு போயிரும். நாங்க கோயிலுக்குப் போற ஆளுகன்னாலும் கரிநாளை விடுறதில்ல. அருவியில கூட்டமா இருக்கும்னு ஜெபஸ்டின் மலையடிவாரத்துத் தலையணைக்குக் கூட்டிட்டுப் போனான். படுக்கிற தலையணை இல்ல, ஆத்துக்குக் குறுக்க பழைய காலத்துல கட்டுன அணை. தண்ணி அணையில நெரம்பி, சரிஞ்சு விழுந்து, கீழ பாறையில ஓடும். ஒரு பக்கம் படிக்கட்டு, அங்க இடுப்பளவுத் தண்ணியில பொம்பளைக பிள்ளைகளோட குளிக்கலாம். எதுத்த பக்கம் ஆழம். அங்க ரெண்டு பெரிய பாறை யானை படுத்த மாதிரி கெடக்கும். அதுக்கு நடுவுல தண்ணி கருப்பா நிக்கும். அங்க யாரும் போறதில்ல.

எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு, மீன் பொரிச்சது. வேகாத வெயில்ல நான் ஒருத்தியா செஞ்சது. சாப்பிட்டு முடிச்சதும் பெனிட்டாவுக்குப் போன் வந்துச்சு. தூத்துக்குடியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை, திங்கக்கிழமை வந்து சேரணும்னு. எழுதிப் போட்டதே எங்களுக்குத் தெரியாது. இவன் வேண்டாம்னான். அவ போறேன்னா. நான் எழுந்து போய் ஒரு பாறை நெழல்ல இருந்து ஜெபமாலையை எடுத்துட்டேன். புருசன் பொஞ்சாதி பேச்சுல நான் தலையிடுறதில்ல. கண்ணை மூடிக்கிட்டு சொல்லிட்டு இருந்தேன். ஜெபமாலையில மூணாவது பத்து மணி உருண்டுட்டு இருந்துச்சு, இவன் வந்து, அம்மா, எண்ணெய்ல மோதிரம் கழண்டு தண்ணிக்குள்ள போயிட்டு, அவளுக்குக் கவனம் பத்தாதுன்னு சொல்லிட்டு, சட்டையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டிப் பக்கம் போயிட்டான்.

அவ படியில இருந்தா. தண்ணிக்குள்ள பாதமும், மேல உடம்பும். அழலை. அதுதான் எனக்கு ஆத்திரம். என் மோதிரம் போயிருக்கு, இவ கண்ணுல ஒரு சொட்டு கெடையாது. எண்ணெயைத் தேச்சிக்கிட்டு மோதிரத்தோட ஏன் இறங்குனன்னு கேட்டேன். அவ என்னைப் பாத்தா. அன்னைக்குத்தான் மொத தடவையா அவ வாயடைச்சு நின்னு நான் பாத்தேன்.

கோடி அற்புதரே, அந்தோணியாரேன்னு கூப்பிட்டேன். காணாமப் போனதைக் காட்டிக்குடுக்கிறவர் அவருதானே. நான் கூப்பிட்ட அந்த நிமிசத்துல நெல்லிக்காய் விக்கிற ஒருத்தி பின்னால நின்னு, என்ன விழுந்துட்டுன்னு கேக்கா. அவதான் பிரமசக்தி.

அவளைப் பத்திச் சொல்லுதேன், கேளுங்க. கறுத்து, ஒல்லியா, சேலைக்கு மேல புருசன் சட்டையை மாட்டிக்கிட்டு, கழுத்துல பிள்ளைக நீச்சலுக்குப் போடுற கண்ணாடி தொங்கும். ஆத்துல விழுந்த கம்மல், சங்கிலி, மோதிரம் எல்லாம் முங்கி எடுத்துக் குடுப்பாளாம். பக்கத்துல குளிச்சிட்டு இருந்தவ ஒருத்தி சொன்னா, போன வருசம் தன் மதினியோட மூக்குத்திக் கல்லை எடுத்துக் குடுத்தான்னு. மூக்குத்திக் கல்லு. எனக்கு அப்பவே சந்தேகம். அம்புட்டுப் பொடியை எடுக்கிறவ அதே கல்லைத்தான் குடுத்தாங்கிறதுக்கு என்ன சாட்சி? நான் யாரையும் தப்பா நினைக்கிறவ இல்ல, ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்புறவளும் இல்ல.

யாரு தொலைச்சதுன்னு கேட்டா. எங்க வீட்டு மோதிரம்னேன்.

"வீடு தொலைக்காதும்மா, ஆளுதான் தொலைக்கும்" அப்பிடிங்கா.

பாருங்க அவ வாயை. அப்புறம் ஒரு சட்டம் போட்டா. தொலைச்சவங்க மட்டும் பேசணும், மத்தவங்க தள்ளிப் போய் உக்காரணும். அவ வழக்கம் அதுவாம். கூட வந்தவங்க ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவாங்களாம், அவ நாலு இடத்துல முங்கி மூச்சை விடணுமாம். நல்ல ஞாயம். என் மோதிரம், என் மருமவ, நான் பேசக்கூடாது. நெல்லிக்காய்க்காரி சொல்லுதா.

நான் நகரலை. பெனிட்டா வாயைத் திறக்கிறதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன். எண்ணெய் தேச்சிருந்தா, இந்தா இந்தப் படியிலதான், மூணாவது படியில நின்னப்போ கழண்டுட்டுன்னு. என் மகன் சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்? பிரமசக்தி என்னைப் பாக்கலை, பெனிட்டாவைப் பாத்து, அப்பிடியாங்கிறா. அவ தலையை ஆட்டினா. ஆமான்னும் எடுத்துக்கலாம், இல்லைன்னும் எடுத்துக்கலாம். அப்பிடி ஒரு ஆட்டு.

அப்புறம் பிரமசக்தி வேலையைத் தொடங்கினா. முந்தியில ஒரு இரும்பு வாசர் முடிஞ்சு வச்சிருந்தா, நட்டுக்கு அடியில போடுவாங்களே, அது. அதுல செவப்பு நூல் கட்டியிருக்கு. அதை மூணாவது படியில நின்னு கைநழுவுற மாதிரி மெதுவா விட்டா. நூல் எந்தப் பக்கம் ஓடுது, எந்தக் கல்லு இடுக்குல நிக்குதுன்னு பாத்தா. மோதிரமும் அந்த வழியாத்தான் போயிருக்கும்னு கணக்கு. நாலு தடவை விட்டா, நாலு தடவையும் ஒரே இடம். அந்த இடத்துல முங்கி, மண்ணை வாரி, அரிப்புச் சல்லடையில போட்டு அலசினா. ஒரு கொலுசு மணி வந்துச்சு. ஊக்கு, தலைக் கிளிப்பு நெறைய வந்துச்சு. யாருடையதோ மேல்வரிசைப் பல்செட்டு வந்துச்சு. சுத்தி நின்னதுக சிரிச்சி மாளலை. கரிநாள் கறிக்கு இது இல்லாம என்ன செஞ்சாரோன்னு ஒருத்தி சொல்லி, எனக்கே சிரிப்பு வந்துட்டு. பெனிட்டா மட்டும் சிரிக்கலை.

மோதிரம் வரலை.

ரெண்டு மணி நேரம். பிரமசக்தி உதடு நீலமாப் போச்சு, தை மாசத்துத் தண்ணி. நான் எட்டி எட்டி அவ கையைத்தான் பாத்துட்டு இருந்தேன். சட்டைப் பைக்குள்ள எதையும் போடுதாளான்னு. ரெண்டு தடவை கேட்டும்விட்டேன், பையில என்னன்னு. மூணாவது தடவை கேக்கும்போது சட்டைப் பையை வெளிய இழுத்துக் காட்டினா. ஈரப் பீடிக்கட்டும் ஒரு நெல்லிக்கொட்டையும். புருசன் பீடியாம்.

அப்புறம் படியேறி வந்து பெனிட்டா பக்கத்துல உக்காந்தா. கையைக் காட்டுங்கிறா. அவ காட்ட மாட்டேன்னு முந்தானைக்குள்ள வச்சிருந்தா. இவ மெதுவா இழுத்துப் பாத்தா. மோதிர விரல் மூட்டுல தோல் வழண்டு, ரத்தம் கட்டி, விரல் ரெண்டு மடங்கா வீங்கியிருந்துச்சு. நான் சொன்னேன், தேடுற அவசரத்துல பாறையில உரசியிருக்கும்னு. பிரமசக்தி என் பக்கம் திரும்பவே இல்ல. விரலை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா.

"எண்ணெய்ல கழண்ட விரல் இப்பிடி இருக்காது, தாயி."

அம்புட்டுத்தான் சொன்னா. சத்தம்கூடப் போடலை. ஆனா எனக்கு உச்சந்தலையில தீ வச்ச மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டு விசயம் உனக்கென்ன தெரியும், எடுக்கத் தெரிஞ்சா எடு, இல்லைன்னா நெல்லிக்காய் விக்கப் போன்னு சொன்னேன். நான் கடுமையாப் பேசுறவ இல்ல, பேச வச்சிட்டா.

அவ சொல்லுதா, தண்ணி கொண்டுபோன சாமான் ஒரு இடத்துல இருக்கும், கை கொண்டுபோன சாமான் வேற இடத்துல இருக்கும், எந்த இடம்னு தொலைச்சவங்க சொன்னாத்தான் நான் திரும்ப இறங்குவேன்னு. சொல்லிட்டு என்னைப் பாத்து, நீங்க போய் அந்த ஆலமரத்துக்குக் கீழ உக்காருங்கன்னு கையைக் காட்டுதா. வந்து போற சனம் எல்லாம் பாக்குது. நான் போகலைன்னா மோதிரம் இல்ல. போனேன். என் வாழ்க்கையில என்னை எந்திரிச்சிப் போன்னு சொன்னது எங்க வீட்டுக்காரருக்குப் பொறவு அவ ஒருத்திதான்.

பெனிட்டா அவ காதுல என்னமோ சொன்னா. அணையில தண்ணி விழுற சத்தம், ஒண்ணும் கேக்கலை. நீளமாச் சொன்ன மாதிரியும் இல்ல. நாலு வார்த்தை இருக்கும். என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மருமவ எங்கிட்ட சொல்லாததை ஒரு நெல்லிக்காய்க்காரிட்ட சொல்லுதா. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. எட்டு மாசம் எங்கூட ஒரே அடுப்படியில நின்னவ.

பிரமசக்தி கண்ணாடியை மாட்டிக்கிட்டு எதுத்த கரைக்கு நீந்திப் போயிட்டா. நான் சொன்னேனே, ஆழமான பக்கம், அங்க. முங்குவா, எந்திரிப்பா, தலையை ஆட்டுவா. முங்குவா, எந்திரிப்பா. ஒவ்வொரு தடவையும் நேரம் கூடிக்கிட்டே போச்சு. நான் மரத்தடியில இருக்க முடியாம இறங்கி வந்துட்டேன். கையில ஜெபமாலை. வெயில் மேக்க சாயுது. அவ என்னடான்னா அந்த யானைப் பாறைக்குக் கெழக்குப் பக்கமே தேடிட்டு இருக்கா. கெழக்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. எனக்குப் பொறுக்கலை. இருட்டிட்டா போச்சே. நம்ம மோதிரமாச்சே. அவிய எனக்குப் போட்டது.

நான் கையை வாயில குவிச்சிக்கிட்டு, "அங்க இல்ல, மேக்க போ, ரெண்டு பாறைக்கு நடுவுல, அந்தச் சின்னப் பாறையில பட்டுத் தெறிச்சு இந்தப் பக்கம் விழுந்துச்சு"ன்னு கத்தினேன்.

அவ தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு என்னைப் பாத்தா. கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டுப் பாத்தா. பக்கத்துல துணி பிழிஞ்சிட்டு இருந்தவளும் பாத்தா. பெனிட்டா திரும்பினா. மெதுவாத்தான் திரும்பினா.

"பாத்துட்டுத்தான் இருந்தீங்களா, அத்தை?"

ஜெபம் பண்ணிட்டு இருந்தவளைக் கேக்கிற கேள்வியா அது? அந்தோணியார்தான் என் நாக்குல வந்து சொன்னார். இல்லைன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? நான் சொன்ன இடத்துல பிரமசக்தி முங்கினா. ஒரே முங்கு. கையைத் தூக்கிட்டு எந்திரிச்சா. விரல் நுனியில மோதிரம். இதை விடப் பெரிய அற்புதம் என்ன வேணும், சொல்லுங்க. நான் அந்த இடத்துலயே முட்டி போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பாறை சுட்டுது, அப்பிடியும் எந்திரிக்கலை. ஒருத்தர்கூட என்கூட முட்டி போடலை.

அவ நீந்தி வந்தா. நான் கையை நீட்டினேன். ரெண்டு கையையும் சேத்து, பூசையில நன்மை அப்பம் வாங்குற மாதிரி நீட்டினேன். என்னைத் தாண்டிப் போயிட்டா. தாண்டிப் போய் பெனிட்டா உள்ளங்கையில வச்சி, நாலு விரலையும் மடக்கிவிட்டா. போடணுமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும், அதுக்கு நான் ஆளில்லைன்னு சொன்னா. அது என்ன பேச்சு? அர்ச்சிச்ச மோதிரம். போடாம என்ன செய்வாங்க?

அவளுக்கு நான் ஒண்ணும் குடுக்காம வரலை. அப்பிடிப்பட்டவ இல்ல நான். பைக்குள்ள வச்சிருந்த அந்தோணியார் படத்தை எடுத்துக் குடுத்தேன், இவருதான் எடுத்துக் குடுத்தது, இவரைக் கும்பிடு, பிழைச்சுக்கிடுவன்னு. அவ படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இவர் தலை நனையவே இல்லியேங்கிறா. கேலி. சாமியைக் கேலி பண்ணுதா. ஆனா படத்தைத் தூரப் போடலை, சட்டைப் பையில பீடிக்குப் பக்கத்துல வச்சிக்கிட்டா. பல்லு கிட்டிச்சுப் போயி நடுங்கிட்டு இருந்தா. பெனிட்டா போய்த் தன் துண்டை அவ தோள்ல போத்திவிட்டா. புதுத் துண்டு, நான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது.

அப்புறம் அவ, பெனிட்டாவைச் சொல்லுதேன், ஈரச் சேலையோட ரோட்டுக்கு நடந்தா. வண்டி நிக்கிற பக்கம்னுதான் நினைச்சேன். இல்ல. களக்காடு பஸ் வந்துச்சு, கையைக் காட்டி ஏறிட்டா. மடக்குன கையை விரிக்கவே இல்ல. ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சி ஏறினா. ஜெபஸ்டின் வந்து, எங்க பெனிட்டான்னு கேட்டான். போயிட்டா அப்பிடின்னேன். மோதிரம் எங்கன்னான். அவகிட்டன்னேன். அவன் என்னைப் பாத்து வைதான், வைத வார்த்தையை நான் கோயிலுக்குப் போறவிய முன்னால சொல்ல மாட்டேன். மிச்சம் இருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சட்டியோட ஆத்துல வீசினான். நான் இறங்கிப் போய்ச் சட்டியை எடுத்துட்டு வந்தேன். நல்ல சட்டி.

ரெண்டு மாசம் ஆச்சு. அவ தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போறா, வாரா. இவன் போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. நான் போட்டா எடுக்கா. எடுத்து, சொல்லுங்க அத்தைங்கிறா. நான் ஜெபம் பண்ணு பிள்ளைங்கிறேன். சரிங்கிறா. போன வாரம் அவளாத்தான் கூப்பிட்டா. அவளுக்கு நகை வேண்டாமாம், மன்னிப்பு வேண்டாமாம், அவன் வந்து கால்ல விழ வேண்டாமாம். நான் சாமியார் முன்னால, அவன் அவ விரல்லருந்து பிடுங்கி எறிஞ்சதை நான் பாத்தேன்னு சொல்லணுமாம். அந்த ஒண்ணு. "கண்டதைச் சொல்லுற ஆள் அந்த வீட்டுல ஒண்ணு இருந்தாப் போதும் அத்தை, நான் இருந்துக்கிடுவேன்"னா. அழாமச் சொன்னா. அழுதிருந்தாகூட எனக்கு வேற மாதிரி இருந்திருக்கும்.

பெத்த பிள்ளையைப் பத்தி எந்தத் தாய் சாமியார்ட்ட போய்ச் சொல்லுவா? நீங்களும் பிள்ளை பெத்தவதானே. இந்தா உங்க மடியில தூங்குதான். நாளைக்கு இவன் எதையாவது எறிவான். அப்ப நீங்க போய்ச் சொல்லுவியளா? ஆ?

எண்ணெய்ல கழண்டதுன்னு அவ சொல்லிட்டா என்ன குறைஞ்சு போவும்? கழண்டதுக்கும் கழட்டுனதுக்கும் ரெண்டு மூணு எழுத்துத்தான் வித்தியாசம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாம முடிஞ்சிரும். நானே அவளுக்கு அந்த மோதிரத்தை அளவு பெருசாக்கித் தாரேன். இதை அவகிட்டச் சொல்லலாம்னு நேத்து முழுக்க நினைச்சேன். போனை எடுத்து எடுத்து வச்சிட்டேன்.

என்ன கேட்டிய? சத்தமாக் கேளுங்க, இந்த எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.

நான் பாத்தேனா இல்லியான்னா?

நல்லாக் கேட்டிய. ஒரு மணி நேரமா நான் என்ன சொல்லிட்டு வாரேன்? பக்கத்துல வயசான பொம்பளை மனசு விட்டுப் பேசுதாளேன்னு நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லுவியன்னு பாத்தா, நீங்களும் அந்தப் பிரமசக்தி மாதிரிக் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டுப் பாக்கிய. பச்சைப் பிள்ளையோட கோயிலுக்குப் போறவிய இப்பிடிக் கேக்கக்கூடாது. பையை நகத்துங்க, காலுல இடிக்குது.

இது எந்த இடம்? அந்தப் பனைக்கூட்டம் தெரியுதே, அது தாண்டினா விலக்கு. அதுக்குள்ள விலக்கு வந்துட்டா? இப்பத்தானே நாங்குநேரி தாண்டினோம்.

எந்திரிக்காதிய, நான் இறங்கலை. உக்காருங்க. கண்டக்டர் தம்பி, எனக்கு உவரிக்குப் போட்டுக் குடுப்பா. ஆமா, விலக்குக்குத்தான் எடுத்தேன், இப்ப உவரிக்குப் போறேன். மாத்திப் போடு. ஏன் போகக்கூடாதா? செவ்வாக்கிழமை. அவர்தானே என் நாக்குல வந்து சொன்னார். அவர்ட்டயே போய்க் கேட்டுட்டு வாரேன், நான் என்ன சொல்லணும்னு. கேக்காம ஒரு வார்த்தை பேசுறது தப்பில்லியா? சாமியார் காத்திருப்பாவ, காத்திருக்கட்டும். அடுத்த செவ்வாக்கிழமை வரக்கூடாதா?

விலக்குல யாரோ நிக்கிதாவ. குடை பிடிச்சிக்கிட்டு. நர்சுச் சேலையா அது? வெள்ளையா? லீவு போட்டுட்டு வந்திருப்பா, லீவு குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாளே. பஸ்ஸையே பாக்கா. ஒவ்வொரு சன்னலாப் பாத்துட்டு வாரா.

கொஞ்சம் முன்னால சாஞ்சி இருங்க. இன்னும் கொஞ்சம். பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிடுங்க, ஆ, அப்பிடி. என்னை மறைச்சாப்புல. பேசாதிய. விசில் அடிக்கட்டும்.

பஸ் கெளம்பிட்டா? விலக்கு தாண்டிட்டா?

நீங்க சன்னலோரம் இருக்கிய, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ என்னைப் பாத்துட்டாளா? மறைக்காமச் சொல்லுங்க.